அவஸ்தைப் பூசுதலுக்கு எந்தச் சுவாமி

10.7.1988, ஞாயிறு இரவு

பாப்பரசரின் சம்மதமின்றி ஐரோப்பாவில் புதிய மேற்றிராணியார்களை, அதாவது ஆயர்களை, அபிஷேகம் செய்தவர்கள் திருச்சபைக்குப் புறம்பானார்கள் என்று பங்குச் சுவாமி இன்று பூசையில் அறிவித்தார். பழைய இலத்தீன் பூசையை விடாமல் அவர்கள் பக்கம் நிற்கும் ராகலை முதிய சுவாமியை எவரும் அணுகலாகாதாம்.

சாகக் கிடக்கும் என் மனைவி ஞானம்மாளோ, கடைசியாக மந்திரித்த எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதலுக்கு அந்த முதியவரையே கேட்கிறாள். இலத்தீனில் பூசை வைத்து எங்களை மணமுடித்தவர் அவர்.

மாலையில் பங்குச் சுவாமியே, கோயிலில் உபதேசியாராக மறைக்கல்வி சொல்லித்தரும் என் வீட்டுக்கு வந்தார்.

“உபதேசியாரய்யா, அவரைக் கூப்பிட்டீங்கன்னா அம்மாவை நம்ம கல்லறையில வைக்கிறது கஷ்டமுங்க. நானே பூசுறேனே?”

ஞானம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் எண்ணெய்ச் சிமிழை மூடிக்கொண்டு வருத்தத்தோடு போனார்.

“இவரும் நல்ல மனுசன்தானே, ஒத்துக்கயேன்” என்று கெஞ்சினேன்.

“ரெண்டு சாமிமாரும் சண்டை போட்டு முடிக்கிற வரைக்கும் நான் சாகாம இருக்கணுமாங்க?” என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது.

பாப்பரசர் வீற்றிருக்கும் பேதுருவின் ஆசனத்தை மீற என்னால் இயலாது, ஆண்டவரே. இவளை எண்ணெயின்றி அனுப்பவும் இயலாது. ராகலைக்கு முதல் பஸ் விடியற்காலையில்தான். அதில் ஏறுவேனா என்பதை நானே அறியேன்.

உள்ளே இருமல் நின்றுவிட்டது. எழுந்துபோய்ப் பார்க்க அஞ்சுகிறேன்.