அல்லிக்குளப் பாலத்தில் அம்புக்குறிகள்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்,
நான்காம் மாடி, மருந்துக்கடைக்கு மேலுள்ள குடியிருப்பு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மலர்த் தோட்டம்.

பொருள்: அல்லிக்குளத்து மரப்பாலம் ஒருவழிப் பாதையாக்கப்பட்டதால் எனக்கு நேர்ந்துள்ள இழப்பு – ஞாயிறு காலைகளில் மட்டும் இருபுறமும் நடக்க அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: பாலத்தின் முகப்பில் வைக்கப்பட்டுள்ள தங்கள் அறிவிப்புப் பலகை.

பூக்களுக்கும் எங்களுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்றிருக்கும் மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

1. நான் முப்பத்தோரு ஆண்டுகள் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். கோடை தொடங்கியதும் ஆறு வாரங்களுக்குத் தாங்கள் மலர்ப்பகுதியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறீர்கள். அந்த ஆறு ஞாயிறுகளிலும் கதவு திறக்கும்போதே உள்ளே நுழைகிறவர்களில் நானும் ஒருவன். பதினோரு ஆண்டுகளாக ஒரு ஞாயிறும் தவறியதில்லை. ஆகவே இதைப் போகிற போக்கில் எழுதிய புகாராகக் கருத வேண்டாம்.

2. தோட்டத்தின் மீது எனக்குக் குறையொன்றும் இல்லை என்பதை முதலில் பதிவு செய்கிறேன். நான் நுழையும் நேரத்தில் நீர்தெளிப்பான்கள் அப்போதுதான் நின்றிருக்கும். புல்தரையிலிருந்து லேசாக ஆவி எழும்பும். தூரத்தில் வருகிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. எல்லோரும் மிதந்து வருவதாகவே தோன்றும். ரோஜா வரிசையில் வாசனை ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடிகிறது. காலடி எண்ணிப் பார்த்திருக்கிறேன், நாற்பத்திரண்டு. அதன்பின் கொடிப்பந்தல். அங்கே மஞ்சள் பூக்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எனக்கும் அந்த இடத்தில் வயது, முழங்கால் வலி, கோபம் எல்லாமே மறந்துபோகும். மனுவில் இதெல்லாம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். பந்தலைத் தாண்டியதும் பாலம் வருகிறது. அங்கே போய்ச் சேரும்போது நான் எப்படிப்பட்ட மனிதனாக இருக்கிறேன் என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும்.

3. பாலத்தின் மறுமுனையிலிருந்து என் அக்கா வருவார். குழந்தைகள் வார்டில் தலைமை நர்ஸாக இருந்தவர். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு 'பெரிய சிஸ்டர்' என்றே பெயர். எங்களுக்குள் பேச்சு நின்று பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

4. காரணத்தையும் எழுதிவிடுகிறேன். எங்கள் அம்மா கண்ணை மூடிய அன்று ஒரு பதினான்கு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே ஐந்து பேர், அதில் ஒரு கர்ப்பிணி. அவர்களை இறக்கிவிட்டு, கை கழுவாமல்கூட ஓடினேன். எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்ற அக்கா, "இனிமே நீ வந்தா என்ன, வராட்டி என்ன?" என்றார். அழுது களைத்தவர் பேசிய பேச்சு அது என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன். ஐந்து பேரைப் பற்றி நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வீம்பில் நாங்கள் இருவரும் சளைத்தவர்கள் அல்ல.

5. அதுவரை ஞாயிறு காலை என்றால் அக்கா வீட்டில்தான் இருப்பேன். அதன்பின் அந்தப் பொழுதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல்தான் தங்கள் தோட்டத்துக்கு வந்தேன். அவருக்கும் அதே பாடு இருந்திருக்க வேண்டும். நான் இடப்பக்கமாகச் சுற்றினேன், அவர் வலப்பக்கமாகச் சுற்றினார். பாலத்தில் எதிரெதிரே வந்து நின்றோம். அது குறுகலான பாலம். ஒருவர் நின்று வழிவிட்டால்தான் மற்றவர் கடக்க முடியும். அன்று நான் ஒதுங்கி நின்றேன். அடுத்த ஞாயிறு அவர் ஒதுங்கி நின்றார். அதற்கடுத்த வாரம் மீண்டும் நான். யாரும் பேசி வைத்துக்கொள்ளாமலே இந்த முறைமாற்றம் பதினோரு கோடைகளுக்கு நடந்தது. ஆண்டு முழுவதிலும் அவர் முகத்தை நான் பார்த்தது அந்த ஆறு காலைகளில் மட்டும்தான். தலைமுடி எப்போது முழுக்க வெளுத்தது, எப்போது கண்ணாடி மாறியது என்பதெல்லாம் அங்கேதான் எனக்குத் தெரியவந்தது.

6. சென்ற கோடையின் கடைசி ஞாயிறன்று ஒரு குழப்பம் நேர்ந்தது. யாருடைய முறை என்பது இருவருக்குமே மறந்துவிட்டது. அவர் வரட்டும் என்று நான் இந்த முனையில் நின்றேன். நான் வரட்டும் என்று அவர் அந்த முனையில் நின்றார். நடுவே வெறும் பாலம். கீழே அல்லி இலைகள் அசையாமல் கிடந்தன. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. என் பின்னால் வரிசை பந்தல்வரை போய்விட்டது. "போறீங்களா இல்லையா? போட்டோவுக்கா நிக்கிறீங்க?" என்று ஒரு பெண்மணி கேட்டார். அதைக் கேட்டு அக்கா சிரித்தார். பதினோரு ஆண்டுகளில் நான் பார்த்த முதல் சிரிப்பு. அதற்குள் பின்னாலிருந்தவர்கள் முண்டியடித்துக்கொண்டு நடக்கவே, கூட்டத்தில் அவர் மறைந்துவிட்டார். அடுத்த கோடையில் யார் முறையானாலும் சரி, பாலத்தின் நடுவுக்குப் போய் நின்றுவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். ஒரு வருடம் முழுவதும் அந்த நினைப்பிலேயே இருந்தேன்.

7. இந்தக் கோடையில் வந்தால் பாலத்தில் வெள்ளை அம்புக்குறிகள். சென்ற ஆண்டின் கடைசி நாளில் பாலத்தில் ஏற்பட்ட நெரிசலை முன்னிட்டு இந்த ஏற்பாடு என்று பலகையில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நெரிசலை உண்டாக்கியது நாங்கள்தான், ஐயா. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்டனை சற்று அதிகம். இப்போது எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றுவதால் நான் பார்ப்பது அக்காவின் முதுகை மட்டும்தான். அவர் கையில் இந்த ஆண்டு ஊன்றுகோல் இருக்கிறது. இடது காலைச் சாய்த்து வைக்கிறார். போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது எங்கள் அம்மா போட்ட சட்டம். இருவருமே அதை மீறியதில்லை.

8. சென்ற ஞாயிறு அம்புக்குறிகளுக்கு எதிராக நடந்து பார்த்தேன். காவலர் விசில் ஊதினார். "பெரியவரே, இவ்வளவு பெருசா வரைஞ்சிருக்கு, கண்ணு தெரியலையா?" என்று கேட்டு, கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். அவர் மீது புகார் இல்லை. கையை மெதுவாகத்தான் பிடித்தார்.

9. வீட்டுக்கே போகலாமே என்று தாங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. இரண்டு முறை போனேன். ஆயுள் முழுக்கப் பொத்தான்களோடு மல்லுக்கட்டியவன் நான். அந்த வீட்டு அழைப்புமணியை மட்டும் அழுத்த முடியவில்லை. தோட்டத்தின் வெளிவாசலிலும் காத்திருந்தேன். அவர் வந்ததும் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குத் துணிச்சல் வருவது பந்தலைத் தாண்டிய பிறகு, அந்தப் பாலத்தின் மேல் மட்டும்தான். மேலும், ஒரு பக்கம் மட்டும் போகிற லிஃப்டை என் தொழிலில் பழுது என்றுதான் சொல்வோம். மலர்ப்பகுதி மூட இன்னும் மூன்று ஞாயிறுகளே உள்ளன. அந்த மூன்று காலைகளில், கதவு திறந்த முதல் ஒரு மணி நேரம் மட்டும் அம்புக்குறிகளைத் தளர்த்தித் தர வேண்டுகிறேன்.

10. மேலே உள்ளவற்றை வீட்டில் எழுதி முடித்து, இன்று காலை தங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தேன். இனி வருவதைத் தங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்தருள்க. மனுவை வாங்கிப் பொருள் வரியைப் படித்த எழுத்தர், "என்ன சார் இது, அந்தப் பாலத்துக்கு இன்னொரு மனுவா? முந்தாநாள்தான் ஒரு அம்மா குடுத்துட்டுப் போனாங்க. கோல் ஊன்றிட்டு வந்தாங்க" என்றார். காட்ட முடியாது என்றவர், நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு அதிலிருந்து ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டினார். கோரிக்கைக்கான காரணம் என்ற இடத்தில் அக்கா எழுதியிருப்பது இவ்வளவுதான்: "என் தம்பி அந்தப் பக்கமிருந்து வருவான்."

11. ஆகவே ஒன்பதாம் பத்தியில் உள்ள கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அம்புக்குறிகள் அப்படியே இருக்கட்டும், நெரிசல் நல்லதல்ல. இரண்டு மனுக்களும் ஒரே பொருள் பற்றியவை என்பதால் அவற்றை ஒன்றாக இணைத்து, மனுதாரர்கள் இருவரையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே அறையில் விசாரணைக்கு அழைத்து ஆணையிட வேண்டுகிறேன். தள்ளுபடி செய்வதாக இருந்தாலும் ஆட்சேபணை இல்லை. எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துத் தள்ளுபடி செய்யுங்கள், ஐயா.

இடம்: தோட்ட அலுவலக வராந்தா
நாள்: மலர்ப்பகுதி திறந்த மூன்றாம் வாரம், வியாழக்கிழமை

தங்கள் அழைப்பை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
முந்தைய மனுதாரரின் தம்பி