செகண்ட் ஆஃப் எனக்கு

என் பிரியமுள்ள அந்தோணி மச்சானுக்கு,

நீ போன பிறகு ஒரகடம் ரோடு இன்னும் அகலமாகிவிட்டது. நம் பஸ் நிறுத்தத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டார்கள். பெட்டிக்கடையும் பின்னாலேயே வந்துவிட்டது, அது மட்டும் நம்மை விடாது போலிருக்கிறது. உன் தங்கை ஸ்டெல்லா இப்போதும் சாயங்காலம் துவைக்க வாங்குகிற சாக்கில், சிகரெட் வாடை அடிக்கிறதா என்று என் சட்டையை மோந்து பார்க்கிறாள்.

வள்ளியூரிலிருந்து வேலை தேடி வந்து, சேரப்பணஞ்சேரியில் உங்கள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தவன் நான். உன் தங்கையைக் கட்டுவதற்கு முன்பே உன் சிகரெட்டில் பங்குக்கு வந்துவிட்டேன். கம்பெனி பஸ் வருவதற்குள் ஒன்று பிடிக்கத்தான் நேரம் இருக்கும். கேட்டுக்குள் போய்விட்டால் ஷிப்ட் முடியும்வரை கிடையாது. "ஃபஸ்ட் ஆஃப் எனுது, செகண்ட் ஆஃப் உனுது" என்று தீக்குச்சியைக் கிழிப்பாய். எதிரே புதிதாக எழும்பும் ஷெட்டுகளைப் பார்த்து, இதில் எவன் ஓ.டி. நிறையத் தருவான் என்று ஜோசியம் சொல்வாய். அந்தக் காலைகளை நினைத்தால் இன்றும் ஏங்கிப் போகிறேன் மச்சான். உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அன்று நீ நீட்டிய செகண்ட் ஆஃப் என் வலது கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தேன், கால் வரவில்லை. விளையாடுகிறேன் என்று சிரித்தாய். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாய்.

"இன்னா மாப்ளே, வாய் ஒரு பக்கமா போவுது?"

பதில் சொல்ல நாக்கு புரளவில்லை. ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து, உள்ளே இருந்தவர்களைக் கெஞ்சி இறக்கிவிட்டு, என்னை மடியில் சாய்த்துக்கொண்டு தாம்பரம் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய்.

இது பக்கவாதம், எப்போது ஆரம்பித்தது என்று தெரிந்தால்தான் மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடியும் என்றார் டாக்டர். நீ யோசிக்கவே இல்லை.

"செகண்ட் ஆஃப் ஆரம்பிக்கிறப்போ சார்."

நேற்று நைட் ஷோவா என்று கேட்டார் டாக்டர். ராத்திரியே ஆரம்பித்திருந்தால் ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது என்று அவர் முகம் இறங்கிவிட்டதாம்.

"சினிமா இல்ல சார், சிகரெட்டு. இப்ப காலையில, பஸ்சு வர்றதுக்கு முன்னாடி."

அங்கிருந்த நர்ஸம்மா, பல மாதம் கழித்து நான் செக்கப்புக்குப் போனபோதும் இதைச் சொல்லிச் சிரித்தார். ஸ்கேன் எடுத்து ஊசி போட்டார்கள். என் விரல் அசைந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு நீ அழுதாய்.

இந்தக் கட்டிதான் கரைந்தது, புகைத்தால் இன்னொன்று வரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் விட்டேன். சட்டைப் பித்தான் போட மறுபடி பழகினேன். 'ர' வருவதற்கு ரொம்ப நாளானது. நீதான் விடவில்லை. எனக்காக ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பிடித்தாய். பாதி வந்ததும் உன் கை தானாகப் பக்கத்தில் நீளும். வாங்க ஆளிருக்காது. கீழே போட்டு மிதிப்பாய்.

"பாதி வுட்டுட்டேன்ல? மீதிய தவக்காலத்துல வுட்டுர்றேன்" என்றாய். தவக்காலம் வருவதற்குள் தூக்கத்திலேயே உன் நெஞ்சு நின்றுபோனது. உனக்கு எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போயிற்றே மச்சான்.

போன வாரம் மனசு தாங்காமல் ஒரு சிகரெட் வாங்கிவிட்டேன். தீப்பெட்டியும் கையில் இருந்தது. பற்றவைத்தால் முதல் பாதியை நான் குடிக்க வேண்டும். அது உன்னுடையதாயிற்றே? கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

உன் பாதியை நான் தொடமாட்டேன். என் பாதியை, இந்த மீதி ஆயுளை, அன்றைக்கே என்னை ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோய் எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டாய். அதைப் புகைய விடமாட்டேன், மச்சான்.

உன் தங்கை வீட்டுக்காரன்,
உன் செகண்ட் ஆஃப்,
சூசை மாப்ளே