துப்பாக்கிக்கு எத்தனை வயசு

மார்ச் 3

போனை எடுக்காத அப்பாவுக்கு,

உங்கள் வாலு எழுதுவது. நான் நலம். அம்மாவும் நலம்தான், பகலில் லேபில் ஊரார் ரத்தத்தை எடுக்கிறாள், மாலையில் வந்து என் ரத்தத்தைக் குடிக்கிறாள்.

தாத்தா போனபிறகும் ஒரு குண்டு போட்டிருக்கிறார். தன் இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பெற்ற மகளுக்குத் தராமல், மகளை விட்டுத் தனியே போன மருமகனுக்கு, அதாவது உங்களுக்கு, எழுதிவைத்திருக்கிறார். அதைக் கேட்டதும் அம்மா உட்கார்ந்து துணி மடித்தாள். ஏற்கெனவே மடித்த துணி.

லைசென்ஸ் ஆபீஸில் சொன்னது இது. நூறு வயதுக்கு மேல் என்றால் பழம்பொருள். சுவரில் மாட்டிக்கொள்ளலாம், யாரும் வரவேண்டாம். நூறுக்குள் என்றால் நீங்கள் நேரில் வந்து அம்மாவோடு சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும். மாதக் கடைசிக்குள் எதையும் சொல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? மேலே 1712 என்று வெட்டியிருக்கிறது. அந்த வருடம் செய்ததென்றால் உங்களைவிடப் பழசு, கொஞ்சம்.

இன்னும் யாரையும் சுடாத
வாலு

மார்ச் 10

அன்பு வாலுவுக்கு,

குளிர் கிடங்கில் இரண்டு ஷிப்டும் சேர்த்துப் பார்க்கிறேன். உள்ளே போகும்போது போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். வெளியே வந்தபிறகும் வெகுநேரம் விரல் மடங்குவதில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மாமா அதை எனக்கு ஏன் கொடுத்தார் என்று தெரியவில்லை. யோசிக்கத் தெம்பும் இல்லை.

1712 வருடம் அல்ல, செய்தவர்கள் போட்ட வரிசை எண். அம்மாவை அருகில் வைத்துக்கொண்டு துப்பாக்கியை மடித்துத் திற. உள்ளே தோட்டா இல்லை என்று முதலில் பார். பிறகு குழலுக்கு அடியில் இருக்கும் மரக்கட்டையைக் கழற்றினால் குழல் தனியே வரும். அதன் அடிப்பக்கத்தில், செய்த காலத்தில் சுட்டுப் பார்த்துக் குத்திய சோதனை முத்திரைகள் இருக்கும். அவற்றை வைத்து வயதைச் சொல்லலாம். பார்த்து எழுது.

அப்பா

மார்ச் 15

வயது நிபுணரான அப்பாவுக்கு,

கழற்றினோம். அம்மா டார்ச் பிடித்தாள். குழலின் அடியில், புகையில்லாத புதுவகை வெடிமருந்துக்கு ஏற்றது என்பதற்கான முத்திரை பளிச்சென்று இருக்கிறது. நூலகத்துப் புத்தகத்தில் பார்த்தேன். நூறு வருடத்துக்குள்தான் அந்த முத்திரை வந்ததாம். ஆக, துப்பாக்கி இளசு. சட்டம் சட்டம்தான் அப்பா, நீங்கள் வந்தே ஆகவேண்டும்.

வேறு செய்தி: சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. அம்மா பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருக்கிறாள். சுடாத குழலும் நிற்காத குழாயுமாகக் குடித்தனம் நடக்கிறது.

வாலு

மார்ச் 22

அன்பு வாலுவுக்கு,

அந்தத் துப்பாக்கியில் அப்படி ஒரு முத்திரை கிடையாது.

கல்யாணமான புதிதிலிருந்து, ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அதைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டவன் நான். மாமா பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருப்பார். கட்டை மறைக்கும் இடத்தில் மட்டும், தேயாத குழலில் சுருள் சுருளாக ரேகை தெரியும். இரும்புப் பட்டைகளை முறுக்கிச் சுற்றி, அடித்து ஒட்டிய குழல் அது. புகை கக்கும் பழைய கரிமருந்துக் காலத்து வேலை. அந்த மாதிரிக் குழல் செய்வதை விட்டே நூறு வருடத்துக்கு மேலாகிறது. கழற்றினாய் என்றால் அந்த ரேகை உன் கண்ணில் படாமல் இருந்திருக்காது.

முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லியிருந்தால் நீ மறுபடி எழுதியிருக்க மாட்டாய்.

ஆபீஸில் உண்மையைச் சொல்லிவிடு. என் கையெழுத்து தேவைப்படாது. துப்பாக்கி உங்களோடேயே இருக்கட்டும்.

களைப்பாக இருக்கிறது வாலு. தூங்கி எழுந்தால் தீருகிற களைப்பு இல்லை. ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு கேட்டு வாங்கியிருக்கிறேன். குழாய்க்கு வாஷரும் வாங்கிவிட்டேன். வரலாமா என்று அம்மாவிடம் கேள். துப்பாக்கிக்காக என்று சொல்லாதே.

அப்பா

மார்ச் 26

அப்பாவுக்கு,

ஆபீஸில் ரேகையைப் பார்த்துவிட்டுப் பழம்பொருள் என்று சொல்லிவிட்டார்கள். இனி அதற்கு நீங்கள் வேண்டாம்.

அம்மாவிடம் கேட்டேன். லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் படுத்திருந்தாள்.

"துப்பாக்கிக்கா வர்றாரு?"

"இல்லம்மா."

கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன்.

"அன்னைக்குக் காலையில எனக்கு டியூட்டி. மத்தியானத்துக்கு மேல வரச் சொல்லு."

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால், நாளைக்கு வருவதாக இருந்த பிளம்பருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றுவிட்டாள்.

வாலு