கூட்டித் தள்ளிய இலை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் எட்டு ஆடுகளும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று எழுதினால் மட்டும் போதாது, இளைக்கவில்லை என்பதற்கு ஒரு போட்டோ அனுப்பு.

ஆடுகளை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொன்னாய். அப்பாவும் தலையாட்டி, வியாபாரியை வரச் சொல்லிவிட்டார். கறவை பாதியாகிப் போனால் மனுஷன் வேறென்ன செய்வார். காய்ந்த காராமணிக் கொடிதான் தீவனம், நல்ல சத்து என்றுதான் போட்டோம், ஆனால் போன வருஷம் ஈரக்கொடியில் பூஞ்சை பிடித்து ஓர் ஆடு செத்ததிலிருந்து அவருக்குப் பயம், இந்த முறை மொட்டை வெயிலில் போட்டு உச்சிப்பொழுதில் புரட்டிப் புரட்டித் தொட்டால் நொறுங்கும்படி காயவைத்தார். முப்பது வருஷம் இஸ்திரி போட்ட கை, எதுவும் மொடமொடவென்று இருந்தால்தான் அவருக்குத் திருப்தி. கொடிக்கட்டைத் தூக்கி வருவதற்குள் இலையெல்லாம் கொட்டகைத் தரையில் உதிர்ந்துவிடும். நான் அதைக் கூட்டி அள்ளி மூலையில் தனியாகக் கட்டியிருந்த நொண்டி ஆட்டுக்குப் போடுவேன், முதலில் விற்கப்போகிறவளுக்கு நல்ல தீவனம் எதற்கு என்று அப்பா சொல்லியிருந்தார்.

பத்து நாள் கழித்துப் பார்த்தால் நொண்டி மட்டும் பாத்திரத்தை நிறைக்கிறாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, மற்ற ஏழும் தின்றது வெறும் தண்டு, சத்தெல்லாம் நான் கூட்டித் தள்ளிய இலையில். அப்பாவிடம் சொன்னேன், உனக்கென்ன தெரியும் என்று எரிந்து விழுந்தார், பிறகு போய் நொண்டியின் முன்னால் குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து புதுக்கொடியை நிழலில் உலர்த்துகிறார், விடியற்காலைப் பனி ஈரத்திலேயே புரட்டுகிறார், ஓர் இலை உதிர்ந்தாலும் நான் பறித்துப் போட்ட மாதிரி என்னை முறைக்கிறார். பால் மெல்ல ஏறுகிறது. வியாபாரி வந்தபோது, விக்கிறதா இல்லீங்க, வந்ததுக்கு ஒரு டம்ளர் பால் குடிச்சிட்டுப் போங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

உன்னைப் பார்க்க ஆசையில்லாமல் இல்லை கண்ணு. உன் வீட்டு நாற்காலியில் அப்பா வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதை நினைத்து நினைத்து அழுதேன், அதைப் போன கடிதத்தில் உனக்கு எழுதவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரி பத்து நாள் ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். வருகிறோம்.

நோய்நொடி அண்டாமல் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நிறைவாக வாழுங்கள். ஒன்றை மறந்துவிடாதே, டிக்கெட் எடுக்கும்போது நாங்கள் திரும்பி வருவதற்கும் சேர்த்தே எடு.

உன் அம்மா