தாளத்தைத் தப்பவிட்டது யார்

பாசமுள்ள அண்ணனுக்கு என்றுதான் தொடங்க வேண்டுமாம். பாசம் இருக்கிறதா இல்லையா என்பதை முடிவில் பார்த்துக்கொள்வோம்.

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. முகத்துவாரம் இந்தக் கோடையில் மண் மூடிக் கிடக்கிறது. நீ கும்பிட்டு நின்ற ஒல்லாந்துத் துரை கப்பலேறிப் போய்விட்டான். புதிதாக வந்தவன் கோட்டையை விட்டு இறங்குவதே இல்லை. உன் பாட்டுக்குத் தலையாட்ட இங்கே ஆளில்லை, தெரியுமா உனக்கு?

நேற்று உன் மகன் வந்தான். நீ செத்த அன்று நான் ஒப்பாரி வைக்கவில்லை. வருஷத் திதிக்காவது பாட வேண்டுமாம். நான் வாயைத் திறக்கும் முன்பே, "அத்தே, நீ பாடு போதும். தாளம் நான் போட்டுக்கறேன்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்புக்குள்ளும் நீ எனக்கு வைத்த பேர்தான் இருந்தது. தப்புத்தாளம். என் மகள் கல்யாணத்தில் மேளக்காரன்கூட, "பொண்ணோட அம்மா கை தட்டாம பாத்துக்கங்கப்பா" என்று சிரித்தான். இப்போது என் பேத்தியையும் அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

அதனால்தான் இந்த ஓலை. பள்ளிக்கூடத்து மணலில் நீ எழுதியதை, கஞ்சி கொண்டுவந்த நான் நின்று பார்த்துக் கற்ற எழுத்து இது. திதியன்று ஊர் கூடியதும் உன் மகனே வாசிப்பான். பாட்டின் சங்கதி தெரியாதவர்களுக்கு நம் வழக்கு புரியாது. ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுருதி என்று நீ பெரிதாகச் சொன்னது, படகு கட்டும் முளை. பாட்டு எவ்வளவு தூரம் மிதந்து போனாலும் அங்கேதான் வந்து நிற்க வேண்டும். அதிலிருந்து ஏறும் படிகள் ஏழு, அவை சுரம். எந்தப் படியில் கால் வைப்பது, எதைத் தாண்டுவது, எதில் கொஞ்சம் நிற்பது என்கிற வழி இராகம். ஏரி ஒன்றுதான், படகு போகும் வழிதான் வேறு வேறு. திருப்பாலைவனத்து நாகசுரக்காரரிடம் இரண்டு வருஷம் இருந்து இந்தப் பேர்களைக் கற்றுவந்தாய். வந்ததும் என்னிடம், "நீ கத்தறதெல்லாம் பாட்டா? இன்னா தெரியும் உனக்கு?" என்றாய். பேர்தான் தெரியாது அண்ணா. பாட்டு தெரியும்.

தாளம் என்பது ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும் எண்ணிக்கை. கரையிலிருந்து பெரிய வலை இழுக்கும்போது அதுதான் உயிர். ஒருவன் அடி எடுத்துப் பாடுவான். மற்றவர்கள் ஏலேலோ என்று இழுப்பார்கள். வலைக்குக் கயிறு இரண்டு. எனக்கு அந்தப் பேர் வந்த அன்று, தெற்குக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று நீ பாடினாய். வடக்குக் கயிற்றுக்காரர்களுக்குக் காற்றில் குரல் கேட்காது. நடுவில் ஒருவர் கட்டை தட்ட வேண்டும். தட்டுகிற பெரியவருக்கு அன்று காய்ச்சல். கட்டை என் கைக்கு வந்தது.

துரை வேடிக்கை பார்க்க வந்தான், அவன் பேச்சை நமக்கு மாற்றிச் சொல்லும் துபாசியோடு. உனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்றாம் அடியில் கார்வை பிடித்தாய். கார்வை என்றால் ஒரு சுரத்தை விடாமல் நீட்டி நிற்பது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். தெற்குக் கயிறு உன் குரலுக்குக் காத்து நின்றது. வடக்குக் கயிறு என் கட்டைக்கு இழுத்தது. வலை சாய்ந்து மடவை மீன் மொத்தமும் துள்ளி ஓடியது. அது போகட்டும். தெற்குக் கயிறு வெடுக்கென்று கடல் பக்கம் ஓடி, முன்னால் நின்ற என் வீட்டுக்காரர் காலில் சுருண்டது. அந்த முழங்கால் பிறகு மடங்கவே இல்லை. அவர் படகேறவும் இல்லை.

என்ன ஆயிற்று என்று துபாசி கேட்டான். ஊரே கேட்க நீ சொன்னாய்: "என் தங்கச்சி தாளத்த வுட்டுட்டா. பொம்பள கையில கட்டைய குடுத்தது எங்க தப்பு சாமி."

துரை உன் தோளில் ஒரு பட்டுத்துணி போட்டான். அவர் காலைக் கட்ட அதைக் கேட்டேன். கறையாகிவிடும் என்றாய். மறந்திருப்பேன் என்று நினைத்தாயா?

இன்னும் ஒரு பேர் பாக்கி, லயம். தாளம் கையில் இருப்பது. லயம் காதில் இருப்பது. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே சேர்ந்து போவது. நீ மூச்சை உள்ளே இழுத்தபோதே கார்வை பிடிக்கப்போகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரே பாயில் படுத்து வளர்ந்தவளுக்கு உன் மூச்சு தெரியாதா? ஒரே ஒரு தட்டு நிறுத்தியிருந்தால் இரண்டு கயிறும் நின்றிருக்கும். நான் நிறுத்தவில்லை. எப்போதும் நான்தான் நிற்க வேண்டுமா, இன்றைக்கு இவன் நிற்கட்டும் என்று தட்டினேன். அவர் சாகும்வரை அவரிடம் இதைச் சொல்லவில்லை.

அதையும் உன் மகன் வாசிப்பான். உன் பொய் முதலில், என் வீம்பு பிறகு. அந்த வரிசை மாறக் கூடாது. வாசித்து முடித்ததும் உனக்கு ஒப்பாரி பாடுகிறேன், தாளம் நானே போட்டுக்கொண்டு. கூடப் பாடுகிறவள் யாராவது மூச்சை இழுத்தால், என் கை நிற்கும். உனக்காக இல்லை. அவர் காலுக்காக.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்து, இன்னும் உன்னை மன்னிக்காத தங்கச்சி,
எல்லம்மா