சின்னவர் தானாக எழும்ப வேண்டும்

14 நவம்பர் 1988, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. தீபாவளிக்கு மூடிய லாரி சாமான் கடை இன்று திறப்பு. பிரேக் லைனிங் நிறையப் போனது. மழை வந்தால்தான் லாரிக்காரனுக்குப் பிரேக் ஞாபகம் வரும்.

மத்தியானம் டாக்டரிடம். யாழ்ப்பாணத்துக்காரர், சிரிக்காமலே பேசுவார். “தீபாவளி முடியட்டும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். முடிஞ்சுது. இனியும் பிந்தினா குடல் அந்த ஓட்டைக்குள்ள சிக்கிக்கொள்ளும். பிறகு நீங்கள் நடந்து வரமாட்டியள், தூக்கிக்கொண்டுதான் வருவினம்.”

அடுத்த செவ்வாய் ஆபரேஷன். அதற்குப் பிறகும் சில வாரம் கடைப்பக்கம் போகக்கூடாதாம். எஞ்சின் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி வந்த குடலிறக்கம்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், டேப், சாமிக்குப் பூ.

15 செவ்வாய்
மழை விட்டது. கடையை யார் திறப்பது என்பதே யோசனை. வீட்டுக்காரி சரசு திறப்பாள், வியாபாரமும் செய்வாள். சிக்கல் கம்ப்யூட்டர்.

பெரிய பெட்டிக்குள் ஒரு ஹார்டு டிஸ்க், அது சி. போன வருஷம் அது நிரம்பியதும் தனிப்பெட்டியில் இன்னொன்று வாங்கிப் பக்கத்தில் வைத்தேன், அது டி. எந்த லாரிக்கு எந்தச் சாமான் பொருந்தும், எதற்குப் பதில் எது போடலாம், யாருக்கு என்ன விலை, எல்லாம் டி-யில். சும்மா கிளப்பினால் டி இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. என் பிளாப்பியைப் போட்டுக் கிளப்பினால்தான் தெரியும். பிளாப்பி இரும்புப்பெட்டியில். சாவி என் இடுப்பில்.

இது நான் கேட்டு வாங்கிய ஏற்பாடு. மெஷின் விற்ற ஆ கியோங் அப்போதே, டி தானாக வரும்படி செய்கிறேன் என்றான். வேண்டாம் என்றேன். தானாக வருவது யாருக்கும் வரும்.

சரசு ஆயர் தாவாரிலிருக்கும் அவள் அக்காவிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. “ஆமாக்கா, ஒரு கறுப்பு அட்டைய உள்ள சொருகணுமாம்லா. அதுக்குத்தான் இந்த மனுசன் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேங்கிறாரு.”

கடையில் அவளுக்குத் தெரியாத விலை எது? நோட்டுப் பார்த்து டி-யில் முக்கால்வாசி தட்டிப் போட்டவளே அவள். பின் யாரிடமிருந்து பூட்டி வைத்திருக்கிறேன்? தூக்கம் வந்தது.

16 புதன்
ஆ கியோங் வந்தான். எங்களுக்குள் மலாய்தான், தமிழ் அவனுக்குக் கொஞ்சம். பிளாப்பியிலிருந்து எதையோ சி-க்கும் பிரதி எடுத்தான். மெஷின் கிளம்பும்போது முதலில் படிக்கும் பைலில் ஒரு வரி சேர்த்தான். ஒரே ஒரு வரி! ஒரு வருஷமாகத் தினமும் நான் செய்த வேலை.

இரண்டு தடவை அணைத்துக் கிளப்பிக் காட்டினான். டி தானாக வந்தது. “சுடா, தவுக்கே,” வேலை முடிந்தது முதலாளி என்றான். “இனி நீங்க வூட்ல தூங்கலாம்லா.” சரசு அவனுக்கு முறுக்குக் கொடுத்தாள். அவள் சிரித்த சிரிப்பை இந்த மாதம் முழுக்கப் பார்க்கவில்லை.

எனக்குக் கை சும்மா இருந்தது. பிளாப்பியை மறுபடி இரும்புப்பெட்டியிலேயே வைத்துப் பூட்டினேன்.

17 வியாழன்
சரசு திறக்கட்டும், பார்ப்போம் என்று உட்கார்ந்துகொண்டேன். டி வரவில்லை. அப்படி ஒரு டிரைவே கிடையாது என்கிறது திரை. பிளாப்பி இல்லாமல் மறுபடி கிளப்பிப் பார்க்க நேரமில்லை. மாணிக்கம், சித்தியவானிலிருந்து மீன் ஏற்றிவருபவன், கிளட்ச் போய் வாசலில் நிற்கிறான். “மச்சான், ஐஸ் உருகுதுலா! என் மீனு நாறுனா உன் கம்ப்யூட்டரா வாங்கித் திங்கும்?”

பிளாப்பியைப் போட்டுக் கிளப்பினேன். வந்தது.

“பாத்தியா தங்கச்சி? மொதலாளி கை பட்டாத்தான் எந்திரிக்குது,” என்றான் மாணிக்கம்.

எனக்கு உள்ளே ஒரே சந்தோஷம். இங்கேயும் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. ஆபரேஷனைத் தை மாதத்துக்குத் தள்ளுவோம் என்றேன். சரசு தூசி இல்லாத சாமான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

18 வெள்ளி
சாமி விளக்கு, ஊதுபத்தி எல்லாம் முடித்து சரசு சுவிட்சுகளைப் போடுவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். முதலில் கம்ப்யூட்டர். பிறகுதான் டி பெட்டி.

“அதை ஏன் கடைசில போடுற?”

“பெரியவரு இருக்கையில சின்னவருக்கு முதல்ல போடுறதா? மரியாதை வேணாம்?”

போன மாதம் ஆயுதபூஜைக்கு இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள் அவள்தான். பெரியவர், சின்னவர் என்று பெயரும் அன்றைக்கு அவள் வைத்ததே.

அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. டி பெட்டி முதலில் ஓடி நிலைக்க வேண்டும். பெரியது கிளம்பும்போது ஒரே தடவைதான் தேடும். அப்போது இல்லையென்றால் மறுபடி அணைத்துக் கிளப்பும்வரை இல்லை. வாங்கிய நாளிலேயே ஆ கியோங் சொன்னது. என் கைக்குப் பழகிப்போய் மறந்தே விட்டேன். நேற்று பிளாப்பியைப் போடும்போது சின்னவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார், அதனால்தான் வந்தது. என் கைராசி ஒன்றுமில்லை.

சொல்லவில்லை. டி வரவில்லை. பிளாப்பியைப் போட்டேன். “சரி, நீங்களே இருங்க,” என்று அரிசி களையப் போய்விட்டாள்.

சாயங்காலம் வலி. அழுத்தினால் உள்ளே போகும் கட்டி போகவில்லை. டயர் அடுக்குக்குப் பின்னால் படுத்தேன், வேர்வை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போனது. சரசுவிடம் டயர் எண்ணினேன் என்றேன். வலியை மறைத்தேன், சுவிட்சையும் மறைத்தேன். இரண்டும் ஒரே ஆளிடம்.

19 சனி
சொல்லிவிட்டேன். சுவிட்சை மட்டுமல்ல, வலியையும்.

“நேத்தே தெரியுமா?”

“தெரியும்.”

“அதானே. இந்தக் கடையில சின்னப்புத்திக்குத்தான் முதல் மரியாதை.”

சின்னவரைப் போட்டாள். இரைச்சல் நிலைக்கும்வரை நின்றாள். பிறகு பெரியவர். டி வந்தது. அணைத்து, மறுபடி. வந்தது. நான் தொடவே இல்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று பிளாப்பியை நீட்டினேன். வாங்கவில்லை. “வராட்டி ஆஸ்பத்திரிக்குப் போன் அடிக்கிறேன். நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்.”

21 திங்கள்
ஆஸ்பத்திரி. சாரோங், துண்டு, சோப்பு, இந்த நோட்டு. இரவுக்குமேல் தண்ணீர்கூடக் கூடாது. பக்கத்துக் கட்டில்காரர் கோப்பெங் ஊர்க்காரர். எந்தக் கடை என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். “ஓ, அந்த அக்கா கடையா? நல்லா சாமான் எடுத்துக் குடுப்பாங்களே!”

அந்த அக்கா கடை. இருக்கட்டும்.

நாளைக்கு இங்கே வராதே, கடையைத் திற என்று சரசுவை அனுப்பிவிட்டேன். கண் கலங்கி, “என்னங்க, நாளைக்காவது ஒரு நாள் மூடிரலாமே,” என்றாள். வேண்டாம் என்றேன். அதை நான் சொன்னது எனக்கே ஆச்சரியம்.

22 செவ்வாய்
நல்ல வெயில். வாய் காய்கிறது. போன் நர்ஸ் மேஜைமேல், கட்டிலிலிருந்து பார்த்தால் தெரியும். ஒரு தடவை அடித்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வேறு யாருக்கோ.

இந்நேரம் ஊதுபத்தி முடிந்திருக்கும். சின்னவரைப் போட்டிருப்பாள். பிறகு பெரியவர்.

கடை திறக்கும் நேரம் தாண்டிவிட்டது. போன் அடிக்கவில்லை.

தள்ளுவண்டி வந்துவிட்டது. நர்ஸ் பேனாவைக் கேட்கிறாள். இன்னும் அடிக்கவில்லை.