சர்வர் அறைச் சால்வை

மே 5, திங்கள்
கத்திரி. காலை எட்டுக்கே ஸ்கூட்டி சீட் சுட்டது. ஒதியம்பட்டு ரோட்டில் நிழல் என்று ஒன்றும் இல்லை.

போன வாரம் பல்கலைக்கழக டிரான்ஸ்பார்மர் இரண்டு முறை ட்ரிப். பழி என் சர்வர் அறை மேல். இன்று சுற்றறிக்கை: வெள்ளிக்குள் அறையின் மின்சுமை மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டும். இல்லையென்றால் ஜூலை வரை எல்லாக் கணினிகளும் நிறுத்தம்.

நிறுத்தினால் அமலா? பாகூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் உப்பு எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று கணக்குப் போடுகிற ஆய்வு மாணவி. ஜூனில் ஆய்வேடு கொடுக்க வேண்டும். முகம் தொங்கிவிட்டது. "எங்கப்பா போர் தண்ணியே கரிக்குது மேடம். இத்த முடிக்காம எந்த மூஞ்சிய வெச்சிகினு வூட்டுக்குப் போறது?"

தேறுதல் சொல்ல எனக்கு வராது. "பார்க்கலாம்" என்றேன்.

வாங்க: பேட்டரி செல், கொத்தமல்லி, வீட்டுக்காரருக்கு பி.பி. மாத்திரை.

மே 6, செவ்வாய்
யார் எத்தனை கணினி பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். பஸ் ஜன்னலில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதை. எட்டு வாங்கியவர் ஓட்டுவது ஒன்றில். மற்ற ஏழும் சும்மா சூடாகின்றன.

எட்டு வாங்கியவர்: "கேட்டா குடுக்குறீங்க மேடம், அதான் கேட்டோம்."

உண்மைதான். துண்டு போட்டவர்கள் பட்டியலைப் பெயரோடு அறைக் கதவில் ஒட்டினேன். கொஞ்சம் குரூரம். பரவாயில்லை.

கணினிகளின் வேகத்தையும் குறைக்கப் போகிறேன் என்றதும் துறைத்தலைவர், "ஏம்மா, கார வாங்கி மாட்ட கட்டி இழுக்கப் போறீங்களா?"

மீட்டர் பதில் சொல்லட்டும்.

மே 7, புதன்
வேகம் குறைத்தாயிற்று. அமலாவின் கணக்கு கொஞ்சம்தான் தாமதம். எதிர்பார்த்ததுதான். எவ்வளவு வேகமாகக் கூட்டினாலும் அடுத்த எண் நினைவகத்திலிருந்து வரும்வரை காத்திருக்கத்தானே வேண்டும்.

ஏசி: பதினெட்டிலிருந்து இருபத்தைந்து. ரிமோட்டைச் சுற்றிய பிளாஸ்டிக் உறை வந்த நாள் முதல் பிரிக்கப்படவே இல்லை. அந்தக் குளிருக்காக ஆணியில் சால்வை மாட்டி வைத்தவள் நான். இத்தனை வருடம் ரிமோட்டைத் தேடத் தோன்றவில்லை.

எலக்ட்ரீஷியன் செல்வம் மின்கம்பியில் மீட்டரைக் கவ்வவிட்டுப் பார்த்தார். "இன்னா மேடம், மிஷின அணைச்சிட்டீங்களா?"

"ஓடுது செல்வம்."

"சும்மா சொல்லாதீங்க."

மகிழ்ச்சி. ஆனால் இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும்.

மே 8, வியாழன்
வேலையில்லாத கணினிகள் ஏன் தூங்கவில்லை? காலை முழுவதும் தேடினேன். யாரோ நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றையும் தட்டி "இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

யாரோ இல்லை. நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய சின்ன நிரல். கணினி எதுவும் செத்துவிடக் கூடாதே என்ற பயத்தில் எழுதியது. பிறகு மறந்தே போனேன்.

நிறுத்தினேன். ஒவ்வொன்றாக விசிறிகள் அடங்கின.

கதவுக்குப் போய்ப் பட்டியலின் தலையில் என் பெயரை எழுதினேன். அமலா பின்னால் நின்றிருந்தாள். "மேடம், நீங்க போட்டது துண்டு இல்ல, ஜமக்காளம்."

பேனாவை மூடாமல் பையில் போட்டுவிட்டேன். பையெல்லாம் மை.

மே 9, வெள்ளி
தலைவர் நேரில் வந்தார். மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார். சொன்ன அளவுக்கும் கீழே. "நிறுத்திட்டுக் காட்றீங்களா?" அமலா திரையைத் திருப்பினாள். அவளுடைய கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ம்" என்றார். அவரிடமிருந்து 'ம்' என்றால் கல்வெட்டு. கணினிகள் நிற்காது, எழுத்தில் கொடுத்துவிட்டார்.

அமலா வராந்தாவில் போனில்: "இல்லப்பா, நிறுத்தலப்பா. ஜூன்ல குடுத்துடுவேன்."

நான் செய்தது. யாரிடமும் சொல்லப் போவதில்லை, இங்கே எழுதிக்கொள்கிறேன். நான் செய்தது.

வீட்டு வாசலில் அவர்: "இன்னாடி, கத்திரில சால்வையோட வர்ற?"

"இனிமே அங்க தேவப்படாது" என்றேன். துவைக்கப் போட்டிருக்கிறேன்.